அத்தியாயம் 14: உம்மணாமூஞ்சியின் சிரிப்பு

மருமகளின் விரல் எப்படி இருக்கிறது என்று கேட்டு இத்தனை பேர் கடிதம் போடுவீர்கள் என்று நான் நினைக்கவே இல்லை. விரல் ஆறிவிட்டது. கொப்புளம் உடைந்து புதுத் தோலும் வந்துவிட்டது. மனசுதான் இன்னும் ஆறவில்லை. இந்த வாரச் சங்கதியே அதுதான்.

நடுவில் வந்து உட்கார்ந்தவர்களுக்காக நாலு வரி. மாமியாரை அந்தச் சுற்றுவட்டாரம் முழுக்க ‘பட்டறையம்மா’ என்றுதான் கூப்பிடும். வீட்டுக்குப் பின்னால் பட்டறை. அங்கே இரும்பைக் காய்ச்சி அடித்துக் கொடியாக, இலையாக, குருவியாக மாற்றிக் கதவும் கைப்பிடியும் செய்வது அவள் வேலை. எதிரே நின்று சம்மட்டி அடிப்பவன் மகன். அவனுக்கு வாக்கப்பட்டு மருமகள் வந்து எண்பத்து நான்கு நாள் ஆகிறது. அதற்கு முன்னால் ஆறு வருடம் டவுனில் ஒரு பீங்கான் கடையில் வேலை பார்த்தவள்.

போன வாரம் அந்தப் பெண், கறுப்பாக இருக்கிறதே, ஆறியிருக்கும் என்று நினைத்து ஓர் இரும்பு இலையைக் கையில் எடுத்துவிட்டாள். சிவந்த இரும்பு எச்சரிக்கை செய்யும், கறுத்த இரும்பு செய்யாது என்பது பீங்கான் கடையில் யாரும் சொல்லித்தராத பாடம். மாமியார் ஓடி வந்து கையைத் தண்ணீரில் பிடித்தாள், மருந்து போட்டாள், கட்டுக் கட்டினாள். கட்டி முடித்த கையோடு ஒரு தடையும் போட்டாள்.

“இனிமே பட்டறைக்குள்ள உன் கையும் வேணாம், வாயும் வேணாம்.”

அடிக்கிற கைதான் அணைக்கும் என்பார்கள். இங்கே அணைத்த கையே அடித்துவிட்டது.

*

அன்று காலை ஏழு மணிக்கே பட்டறைச் சுவரில் ஏழு சட்டங்கள் வரிசையாகச் சாய்ந்து நின்றன.

மூன்று மைல் தள்ளியிருக்கும் பள்ளிக்கூடத்துக்குப் புதிதாக மாடி கட்டியிருக்கிறார்கள். அந்த மாடி வராந்தாவின் கைப்பிடிச் சட்டங்கள் இவை. மேலே கனமான கம்பி, அதிலிருந்து இறங்கும் கொடிகள், கொடிகளுக்கு நடுவே ஒரு குருவி. ஏழு குருவிக்கும் ஏழு விதமான சேட்டை. ஒன்று சிறகைக் கோதுகிறது, ஒன்று தலைகீழாகத் தொங்குகிறது. மூன்று மாத உழைப்பு. மத்தியானம் மூன்று மணிக்கு மாடித் திறப்பு. பிள்ளைகள் மேலே போய்க் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்று கையசைக்க வேண்டும் என்பது தலைமை ஆசிரியையின் ஆசை.

மேல் கம்பி ஒரே துண்டு கிடையாது. இரண்டு துண்டுகளை உலையில் வைத்து, வெண்காரம் தூவி, பொறி பறக்கும் பதத்தில் எடுத்து, ஒன்றின்மேல் ஒன்றை வைத்து அடித்து ஒன்றாக்கியது. வெல்டிங் மிஷின் பட்டறையம்மாவுக்கு ஆகாது. “அது கிழிசலுக்கு ஒட்டுப் போடற வேலை. நான் பண்றது ரெண்டை ஒண்ணாக்கற வேலை” என்பாள்.

அந்த வேலையில் ஒரு சங்கடம் உண்டு. சூடு கொஞ்சம் குறைந்துவிட்டால் வெளியே ஒட்டியது போலவே இருக்கும், உள்ளே ஒட்டியிருக்காது. கண்ணை எவ்வளவு உருட்டிப் பார்த்தாலும் தெரியாது. சங்கிலியில் தொங்கவிட்டுச் சின்னச் சுத்தியலால் தட்ட வேண்டும். ஒட்டிய கம்பி ‘கணீர்’ என்று பாடும். ஒட்டாத கம்பி ‘டொக்’கென்று நின்றுவிடும்.

பட்டறையம்மா ஒரு பக்கம், மகன் மறுபக்கம். நடுவே சட்டம் தொங்கியது. அவள் தட்டினாள். கணீர்! தட்டிய கையோடு மகன் முகத்தைப் பார்த்தாள். பிறகு சாக்குக்கட்டியால் கம்பியில் ஒரு கோடு போட்டாள். தேறியது என்று அர்த்தம்.

மகனின் முகத்தைப் பற்றி இங்கே சொல்லியாக வேண்டும். ஊரில் அவனுக்குப் பெயரே உம்மணாமூஞ்சி. பெண் பார்க்கப் போன மூன்று வீட்டில், “மாப்பிள்ளைக்கு ஏதாவது கோபமா?” என்று கேட்டார்களாம். அந்த மூஞ்சி மலர்வது ஒரே ஒரு விஷயத்துக்குத்தான்: இரும்பு கணீரென்று பாட வேண்டும். அப்போது உதடு ஒரு பக்கமாக ஏறும், கன்னத்தில் ஒரு குழி விழும். ஒரு கணம்தான். பிறகு பழையபடி கதவைச் சாத்திவிடுவான்.

இதெல்லாம் கல்யாணத்துக்கு முந்தின கதை.

நான்கு சட்டங்கள் தேறின. ஐந்தாவதைத் தொங்கவிட்டபோது மருமகள் இரண்டு டம்ளரில் டீ கொண்டுவந்தாள். உள்ளே வரவில்லை. வாசல்கட்டையில் கால் கட்டைவிரல்களை அளந்து வைத்ததுபோல் வைத்துக்கொண்டு நின்றாள். அவள் புருஷன் நிமிர்ந்து பார்த்தான். அவள் டம்ளர்களை ஒரு கையில் மாற்றிக்கொண்டு, மறுகை விரலால் தன் உதட்டை இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரை தைப்பதுபோல் ஜாடை காட்டினாள். வாய்தான் வேண்டாமே!

உம்மணாமூஞ்சிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. உதடு ஏறியது, குழியும் விழுந்தது.

அதே நேரத்தில் பட்டறையம்மா தட்டினாள்.

டொக்.

பட்டறையம்மா மகன் முகத்தைப் பார்த்தாள். சாக்குக்கட்டியை எடுத்து ஐந்தாவது கம்பியில் கோடு போட்டாள். “அடுத்ததை மாட்டு” என்றாள்.

மருமகளின் காதில் விழுந்தது சரிதானா? ‘அத்தை...’ என்று நாக்கு நுனி வரை வந்த வார்த்தையை அப்படியே விழுங்கிக்கொண்டாள். இரும்பு வேறு, டீ கப் வேறு. முப்பது வருடமாக இரும்போடு வாழ்கிற ஒருத்திக்கு, எண்பத்து நான்கு நாள் வாசலில் நின்றவள் என்ன சொல்வது? போதாதற்குப் போன வாரக் கொப்புளம் வேறு.

டீயை வாசலோரம் வைத்துவிட்டுத் திரும்பிப் போனாள். ஒன்பது மணிக்கு ஏழு சட்டங்களும் வண்டியில் ஏறின. தாயும் மகனும் கூடவே போனார்கள்.

*

வீட்டில் அவளுக்கு வேலை ஓடவில்லை.

துணியை ஊறவைத்தாள், அலச மறந்தாள். அடுப்பைப் பற்றவைத்தாள், எதற்கு என்று யோசித்தாள். அந்த ‘டொக்’ மட்டும் மண்டைக்குள் குடித்தனமே வந்துவிட்டது.

இரண்டு மணிக்குப் பாத்திரம் கழுவும்போது ஒரு பீங்கான் கப்பை எடுத்து, பழக்க தோஷத்தில் நகத்தால் சுண்டினாள். கடையில் ஆறு வருடம் இதுதான் வேலை. பொட்டலம் கட்டுவதற்கு முன்னால் ஒவ்வொரு கப்பையும் சுண்டிப் பார்க்க வேண்டும். விரிசல் இருந்தால் சத்தம் செத்திருக்கும். ஒரு நாளைக்கு நானூறு கப் சுண்டியிருக்கிறாள். முதலாளியிடம் பேசிக்கொண்டே, ஜன்னலை வெறித்துக்கொண்டே, கொட்டாவி விட்டுக்கொண்டே சுண்டியிருக்கிறாள். காது பார்க்கிற வேலையில் கண்ணுக்கு என்ன ஜோலி?

கை நின்றது.

அத்தை தட்டியதும் ஏன் புருஷன் முகத்தைப் பார்க்கிறாள்?

ஒரு தடவை இல்லை. ஒவ்வொரு தடவையும். வந்த நாளிலிருந்து பார்த்துக்கொண்டுதான் இருக்கிறாள். பையனை மெச்சிக்கொள்ளும் தாயின் பெருமை என்று நினைத்திருந்தாள். பெருமையும் இல்லை, ஒன்றும் இல்லை. அத்தைக்கு அந்தச் சத்தமே கேட்பதில்லை!

சோப்புக் கையோடு புருஷனுக்கு ஃபோன் போட்டாள்.

“என்ன? வேலையா இருக்கேன்.”

“அஞ்சாவது சட்டத்தை மாட்டிட்டீங்களா?”

“மாட்டியாச்சு. ஏன்?”

“அது டொக்குன்னு சொல்லிச்சு. உங்களுக்குக் கேக்கலையா?”

அந்தப் பக்கம் யாரோ சுவரில் துளை போடும் இரைச்சல் மட்டும் வந்தது.

“நான் உன்னைப் பாத்துட்டு இருந்தேன்” என்றான் மெதுவாக.

“அத்தை உங்களைப் பாத்துட்டு இருந்தாங்க.”

“தெரிஞ்சு போச்சா உனக்கு?”

“எத்தனை நாளா?”

“நாலு வருஷமா. பேச்செல்லாம் கேக்கும். மணி மாதிரி வர்ற சன்ன சத்தம்தான் போயிடுச்சு. சம்மட்டிச் சத்தத்துலயே இருந்து இருந்து... எங்க ரெண்டு பேருக்குள்ள இதைப் பத்திப் பேசினதுகூடக் கிடையாது. அதுபாட்டுக்கு நடந்துட்டு வந்தது.”

“இப்போ நடக்கலையே! கழட்டச் சொல்லுங்க.”

“இங்க எப்படிச் சொல்வேன்? டீச்சர், மேஸ்திரி, எல்லாரும் நிக்கறாங்க. பட்டறையம்மாவுக்குக் காது போச்சுன்னு வெளிய தெரிஞ்சா, நாளைக்கு எவன் அம்மா கையால ஒரு ஆணி வாங்குவான்? சாயங்காலம் எல்லாரும் போகட்டும். நான் வந்து சத்தமில்லாம கழட்டிடறேன்.”

“மூணு மணிக்குப் பிள்ளைங்க அதுல சாஞ்சு நிக்கப் போகுது.”

“ஒரு மணி நேரம்தானே? தாங்கும்.”

“தாங்கும்னு நீங்க தட்டிப் பாத்தீங்களா?”

ஃபோனை அவள்தான் வைத்தாள். கோபம் கோபமாக வந்தது. கூடவே அழுகையும் வந்தது. நல்லவன்தான், தாயின் மானத்தைக் காப்பாற்ற நினைக்கிறவன்தான். அதற்காக யார் வீட்டுப் பிள்ளைகளையோ பணயம் வைப்பதா?

சைக்கிளை எடுத்தாள்.

*

பள்ளிக்கூட மைதானத்தில் பிள்ளைகள் வகுப்பு வாரியாக வரிசை கட்டி நின்றார்கள். கையைத் தூக்கிக் குருவிகளை எண்ணிக்கொண்டிருந்தன முதல் வகுப்பு வாண்டுகள். மணி இரண்டே முக்கால்.

மருமகள் இரண்டிரண்டு படியாக ஏறினாள். மாடியில் பட்டறையம்மா ஒரு துணியால் குருவிகளின் முதுகைத் துடைத்துக்கொண்டிருந்தாள். தலைமை ஆசிரியை பக்கத்தில் நின்று பூரித்துக்கொண்டிருந்தார். மகன் மட்டும் ஐந்தாவது சட்டத்துக்கு முன்னால் காவல்காரன் மாதிரி நின்றான்.

“நீ எங்கம்மா இங்க?” என்றாள் மாமியார். “வீட்டைப் பூட்டினியா?”

“அத்தை, அஞ்சாவது சட்டத்துல ஒட்டு சரியில்லை. பிள்ளைங்களை மேல ஏத்தாதீங்க.”

தலைமை ஆசிரியையின் முகத்திலிருந்த பூரிப்பு காணாமல் போனது. பட்டறையம்மாவின் முகம் கறுத்தது. கறுத்த இரும்பைத் தொடக்கூடாது என்று மருமகள் படித்திருந்தாள், இருந்தாலும் நகரவில்லை.

“பட்டறையில உன் வாய் வேணாம்னு சொன்னேனா இல்லையா?”

“இது பட்டறை இல்லையே அத்தை, பள்ளிக்கூடம்.”

மேஸ்திரி இருமுவதுபோல் சிரிப்பை மறைத்துக்கொண்டார். பட்டறையம்மா சிரிக்கவில்லை. “கப்பும் சாஸரும் வித்தவ எனக்கு இரும்பு சொல்லித்தர்றியா? முப்பது வருஷத்துல என் ஒட்டு ஒண்ணு விட்டுதுன்னு ஒருத்தன் வந்து நின்னதில்லை.”

“நான் காதால கேட்டேன் அத்தை.”

அந்த வார்த்தையில் மாமியாரின் இமை ஒரு முறை துடித்தது. மருமகள் அதைப் பார்த்துவிட்டாள். ஐயோ, சொல்லியிருக்கவே கூடாதோ என்று ஒரு கணம் நினைத்தாள்.

பட்டறையம்மா பையிலிருந்து சின்னச் சுத்தியலை எடுத்தாள். எல்லாரும் பார்க்க ஐந்தாவது கம்பியைத் தட்டினாள். தட்டிவிட்டு மகன் முகத்தைப் பார்த்தாள்.

“சொல்லுடா. எப்படி இருக்கு?”

மகன் பெண்டாட்டியைப் பார்க்கவில்லை. தலைமை ஆசிரியையை ஒரு தடவை பார்த்தான், மைதானத்தை ஒரு தடவை பார்த்தான். தாயைப் பார்த்துச் சிரித்தான்.

“நல்லாத்தான் இருக்கும்மா.”

மருமகள் புருஷனை வெறித்துப் பார்த்தாள். கட்டிய புருஷன், ஊர் முன்னால், தன்னைப் பொய்க்காரி ஆக்கிவிட்டான்.

பட்டறையம்மா மகனின் முகத்திலிருந்து கண்ணை எடுக்கவே இல்லை. உதடு ஏறியிருந்தது. குழி விழவில்லை. கண் சிரிக்கவே இல்லை. பெற்ற நாளிலிருந்து பார்த்த முகம், நாலு வருடமாகக் காதாக வைத்துக்கொண்டிருந்த முகம். அவளுக்கா தெரியாது?

“டேய்” என்றாள். குரல் தணிந்திருந்தது. “உன் வாய் சொல்றது எனக்குத் தப்பாக் கேக்கலாம். உன் மூஞ்சி சொல்றது தப்பாக் கேக்காது.”

மகன் தலையைக் குனிந்துகொண்டான்.

அவள் சுத்தியலைக் கீழே வைத்தாள். தலைமை ஆசிரியையின் பக்கம் திரும்பினாள்.

“டீச்சர், பிள்ளைங்களை வகுப்புக்கு அனுப்புங்க. எனக்குக் காது போயிடுச்சு. நல்ல இரும்பு, கெட்ட இரும்பு, எனக்கு எல்லாமே டொக்குன்னுதான் கேக்குது. நாலு வருஷமா யார்கிட்டயும் சொல்லலை. என் மருமக சொல்றது நெசம்.”

மேஸ்திரியின் சிரிப்பும் போன இடம் தெரியவில்லை. தலைமை ஆசிரியை கைப்பிடியிலிருந்து தன் கையை மெல்ல எடுத்துக்கொண்டார்.

“மாடி எங்கயும் ஓடிடாது. இன்னொரு நாள் திறக்கலாம்” என்று மட்டும் சொல்லிவிட்டுக் கீழே இறங்கினார்.

*

மேஸ்திரி ஐந்தாவது சட்டத்தைக் கழற்றிக் கொடுத்தார். மேல் கம்பியைப் படிக்கட்டின் கல் விளிம்பில் வைத்து, ஒட்டு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும்படி பட்டறையம்மா பிடித்துக்கொண்டாள்.

“அடிடா.”

மகன் சம்மட்டியைத் தூக்கினான். தூக்கிய கை அந்தரத்தில் நின்றது. தலைகீழாகத் தொங்கும் குருவி அந்தச் சட்டத்தில்தான் இருந்தது, அவனே செய்தது.

“கொடு இப்படி” என்று பிடுங்கிக்கொண்டாள் தாய். சட்டத்தை மேஸ்திரி பிடித்துக்கொண்டார். அவள் ஒரே அடிதான் அடித்தாள்.

கம்பி வாயைப் பிளந்தது. உள்ளே சாம்பல் பூத்துக் கிடந்தது. ஒரு விரல் அகலத்துக்கு மட்டும்தான் இரும்பு இரும்போடு ஒட்டியிருந்தது.

பட்டறையம்மா படியில் உட்கார்ந்தாள். அவளுக்கு மூச்சு வாங்கியது. அடித்த அடியால் மட்டும் அல்ல. கீழே வகுப்புகளுக்குத் திரும்பிக்கொண்டிருந்த பிள்ளைகளையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு மருமகளின் கையைப் பிடித்துப் பக்கத்தில் உட்காரவைத்தாள். அது சுட்ட கை. தழும்பை ஒரு தடவை தடவிப் பார்த்தாள்.

“காலையில டீயோட வந்து நின்னியே. அப்போ என்ன பண்ணே?”

மருமகள் வெட்கத்தோடு விரலால் உதட்டைத் தைத்துக் காட்டினாள்.

“இதுக்கா சிரிச்சான்?”

“ஆமா அத்தை.”

பட்டறையம்மாவுக்குமே சிரிப்பு வந்துவிட்டது. “இந்த மூஞ்சியைச் சிரிக்கவைக்க ஒருத்தி வரணும்னு நான் ஏங்காத நாள் இல்லை. வந்தியே, நல்ல நேரம் பாத்து வந்தே!” என்று தலையில் அடித்துக்கொண்டாள்.

அடித்துக்கொண்ட கை அங்கேயே நின்றது.

“கல்யாணமாகி எத்தனை நாள்?”

“எண்பத்து நாலு.”

“அப்போ இந்த ஏழு மட்டும் இல்லை.” விரலை மடக்கினாள். “ஆஸ்பத்திரி ஜன்னல் கம்பி. அது போனாப் போகுது, யார் தலையிலயும் விழாது. கடைத்தெரு விளக்குக் கம்பம், அதை நாளைக்குப் போய்ப் பாத்துக்கலாம். அப்புறம்...”

மூன்றாவது விரல் மடங்கவில்லை.

பட்டறையம்மாவுக்கு ஒரு மகள் உண்டு. அண்ணனின் மூஞ்சி மலர்வதற்குக் காத்திருக்காமல், அவனுக்கு முன்னாலேயே கல்யாணம் முடித்துக்கொண்டு போனவள். ஒரு மணி நேரப் பயணத்தில் வீடு. அவளுடைய ஐந்து வயதுப் பெண்ணுக்குப் பாட்டி கைப்பட ஓர் ஊஞ்சல் செய்து அனுப்பியிருந்தாள். மரப்பலகை, இரும்புச் சங்கிலி, மொத்தம் அறுபது வளையம். அறுபதும் உலையில் ஒட்டியது. அறுபதையும் ஒவ்வொன்றாகத் தட்டித் தட்டி, ஒவ்வொரு தட்டுக்கும் மகன் முகத்தைப் பார்த்துத் தேர்ந்தெடுத்தது. மகனுக்குக் கல்யாணமான மூன்றாம் நாள் அது.

“அந்த ஊஞ்சல் சங்கிலி தட்டின அன்னைக்கு...” மருமகளைக் கை காட்டினாள். “இவ வாசல்ல இருந்தாளாடா?”

அவள் மகன் முகத்தைப் பார்த்தாள். பார்த்தது போதும் என்று எழுந்துவிட்டாள்.

“வண்டியை எடு. நீ ஃபோன் போடும்மா. நான் பேசினா அழுதுடுவேன்.”

மருமகள் படியில் இறங்கிக்கொண்டே நாத்தனாருக்கு ஃபோன் போட்டாள். மணி ஒரு தடவை அடித்தது, இரண்டு தடவை, மூன்று தடவை. கடைசியில் எடுத்துவிட்டாள்.

“என்ன அண்ணி, அதிசயமா இருக்கு! இப்பத்தான் உங்களைப் பத்திப் பேசிட்டு இருந்தோம்.”

அவள் குரலுக்குப் பின்னால் கிரீச்... கிரீச்... என்று ஒரு சத்தம் போவதும் வருவதுமாக இருந்தது. “இன்னும் உசரமா! இன்னும் உசரமா!” என்று ஒரு குழந்தை கத்தியது.

“ஊஞ்சலை நிறுத்து! குழந்தையை உடனே கீழ இறக்கு!”

“என்னது? கொஞ்சம் சத்தமா சொல்லுங்க அண்ணி” என்று சிரித்தாள் நாத்தனார். “இவ போடற கூத்துல எனக்கு ஒண்ணுமே கேக்கலை.”